பிள்ளைகளிடம் பாலியல் பற்றிப் பேசுவோமா?

அன்பான நேயர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளை பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்யும். விபசாரம் என்ற இடம் வந்ததும், “அப்படின்னா என்னப்பா?” என்று கேட்கும். “அதெல்லாம் பெரியவனானா தெரியும், அடுத்ததைச் சொல்லு” என்போம். இதையெல்லாம் அப்பாவிடம் கேட்கக் கூடாது என்று பிள்ளை அன்றே முடிவுகட்டிவிடும்.

வேதாகமத்துக்கு இந்தக் கூச்சம் இல்லை. நீதிமொழிகள் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், பரஸ்திரீயிடம் போகாதே என்று மகனை எச்சரிக்கிறான். அதோடு விடவில்லை, உன் மனைவியின் நேசத்தில் மயங்கியிரு என்றும் சொல்கிறான். நாம் முதல் பாதியோடு எழுந்துபோய்விடுகிறோம். ‘பாவம், பாவம்’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த உறுத்தலைச் சுமக்கிறார்கள்.

2 சாமுவேல் 13-ஐ வாசித்துப் பாருங்கள். தாவீது ராஜாவின் மகள் தாமாரைக் கெடுத்தவன் அம்னோன், தகப்பன் வழியில் அவளுக்கு அண்ணன். அழுதுகொண்டு வந்தவளிடம் அவளுடைய கூடப்பிறந்த சகோதரன் அப்சலோம் சொன்னது: “நீ மவுனமாயிரு; அவன் உன்னுடைய சகோதரன்.” தாவீது ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் மகனைத் தண்டித்ததாகவோ, மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாகவோ அங்கே எழுதியிருக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் கொலை விழுந்தது; அப்சலோம் அம்னோனைக் கொல்லவைத்தான். கெடுத்தவன் வெளியாள் அல்ல என்பதைக் கவனியுங்கள். குடும்ப மானம் என்று நாம் வாயை அடைப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான்.

எப்படித் தொடங்குவது? கதவைச் சாத்திக்கொண்டு பிரசங்கம் வேண்டாம். தேவனுடைய கட்டளைகளைப் பிள்ளைகளிடம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்கிறது உபாகமம் 6. இதற்கும் அதுவே நல்ல வழி. குளிப்பாட்டும் வயதிலேயே உறுப்புகளின் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள். பெயர் தெரிந்த பிள்ளைதான், யாராவது தொட்டால் இங்கே தொட்டார் என்று தெளிவாகச் சொல்லும். பருவ மாற்றம் பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14-க்குள்ளும் தொடங்கும். மாதவிடாயையும், தூக்கத்தில் விந்து வெளிப்படுவதையும் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். லேவியராகமம் 15 இரண்டையும் வெளிப்படையாகவே பேசுகிறது. மகனிடம் அம்மாவும் பேசலாம், தவறில்லை.

கைப்பேசியில் ஆபாசப் படம் பார்த்ததாகப் பிள்ளையே வந்து சொன்னால், கையை ஓங்காதீர்கள். “சொன்னியே, நல்லது. யார் காட்டினாங்க? பயந்துட்டியா?” என்று கேளுங்கள். கைப்பேசியை என்ன செய்வது என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.