நீட்டியா, விட்டு விட்டா?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே சில மனிதர்கள்தான் கண்முன்னே வந்து நிற்கிறார்கள். பேர் ஊர் தெரியாமல் ஒரு பழுதைப் பற்றிப் பேசப்போய், நம் வீட்டு மனிதர்கள் ஆகிவிட்டவர்கள். அதில் முதல் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2008 மழைக்காலம். கடலூரில் கணக்கு டீச்சராக இருந்தேன். கேள்வித்தாள் அடிக்க பென்டியம் 4 என்ற ரகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். ஒருநாள் பட்டனை அழுத்தினால் திரை இருட்டாகவே இருக்கிறது, பீப் சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்துக் கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு, 4,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். போர்டு என்றால் உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கிற பெரிய பலகை. எனக்கு மனசு கேட்கவில்லை. புதுச்சேரியில் காட்டலாம் என்று கம்ப்யூட்டர் பெட்டியை, அதாவது கேபினெட்டைக் கோணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியிருக்கும். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பையன் கோணியை எட்டிப் பார்த்து, "சிஸ்டத்துக்கு என்னம்மா ஆச்சு?" என்றான். சொன்னேன். உடனே கேட்டான்: "பீப் நீட்டி வருதா, விட்டு விட்டு வருதாம்மா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. நல்ல டாக்டர், இருமல் வறட்டு இருமலா சளி இருமலா என்று கேட்பாரே, அப்படிக் கேட்டான். நானும் அந்தக் கூட்டத்தில் "பீ...ப், பீ...ப்" என்று இழுத்து இழுத்துக் காட்டினேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ரேம்தாம்மா. போர்டு போகல. நம்ம ஊர் உப்புக்காத்து" என்றான்.

ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், ஒரு சாண்கூட இல்லாத மெல்லிய பலகை. அதன் அடியோரத்தில் வரிசையாகத் தகடுகள் இருக்கும். கடலோர ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதில் மெல்லிசாக ஒரு படலம் பிடித்துவிடும். அப்புறம் மின்சாரம் சரியாகக் கடக்காது. மெஷின் தனக்கு நினைவே இல்லை என்று நினைத்துக் கத்த ஆரம்பிக்கும். அவ்வளவுதான் பழுது.

கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் எப்போது போயின என்று தெரியவில்லை, பேசிக்கொண்டே வந்தோம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் அவன் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு ஒரு டீக்கடைக்கு வந்தான். கடைக்காரர் ஸ்க்ரூடிரைவர் கொடுத்தார். டிபன் வாங்க வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண், பென்சில் ரப்பரை எடுத்து நீட்டினாள். அந்த ரப்பரால் தகடுகளை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் சொருகினான். திரை இல்லையே, எப்படித் தெரியும் என்றேன். "காது இருக்கேம்மா" என்றான். டீக்கடை பிளக்கில் சொருகிப் பட்டனை அழுத்தினோம். ஒரே ஒரு சின்ன பீப். எல்லாம் சரி என்று அந்த மெஷின் சொல்லும் முறை அது. டீக்கடைக்காரர் கைதட்டினார்.

வீட்டில் இதைச் செய்து பார்க்கிறவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு உபுண்டு சிடி கொடுத்தான். உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம். அந்த நாளில் கேட்டு எழுதினால் அதைத் தபாலில் வீட்டுக்கே இலவசமாக அனுப்பினார்கள், 2011 வரை அது நடந்தது. அவன் கூடுதலாக வாங்கி, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த சிடியை எப்படிப் போடுவது என்று கேட்கப்போய்த்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூட ஆரம்பித்தோம். அவன் ஒரு நண்பனைக் கூட்டிவந்தான், அந்த நண்பன் தன் மாமாவை. என் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர், நடுவில் திறந்துகிடக்கும் ஒரு கேபினெட். அமெரிக்காவில் 1975 மார்ச் 5ஆம் தேதி, மென்லோ பார்க் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் இப்படித்தான் சிலர் கூடினார்கள். ஆல்டேர் என்ற கம்ப்யூட்டரை நடுவில் வைத்துப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக், பிற்பாடு ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். தான் வடிவமைத்த ஆப்பிள் 1 கம்ப்யூட்டரின் வரைபடத்தைப் பிரதி எடுத்து அங்கே வந்தவர்களுக்குக் கொடுத்தார். எங்கள் திண்ணையில் யாரும் கம்பெனி ஆரம்பிக்கவில்லை. ஆனால் தெரிந்ததை மறைத்து வைக்கிற பழக்கம் எங்களிடமும் கிடையாது.

தானே புயல் உங்களுக்கு நினைவிருக்கும். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் கரன்ட் இல்லை, போன் இல்லை, பின்பக்கக் கூரையில் முருங்கை மரம் சாய்ந்து கிடந்தது. மறுநாள் மத்தியானம் வாசலில் சைக்கிள் மணி. அதே பையன். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, தவளக்குப்பத்திலிருந்து மிதித்து வந்திருக்கிறான். கேரியரில் அரிசி, மெழுகுவர்த்தி, இரண்டு குடிதண்ணீர் கேன். பின்னாலேயே திண்ணைக் கூட்டத்தில் இன்னும் மூன்று பேர், கையில் அரிவாளோடு. அன்றைக்கு யாரும் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுப் போனார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். தமிழில் தட்டச்சு செய்வது பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, ஒன்றே ஒன்று. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் திண்ணைக்கு வந்த அந்த மாமாதான். இன்று ராத்திரி வீட்டில் அடித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வணக்கம்.