ஹியூமிடாரில் ஈரம் எங்கே இருக்கிறது? சுருட்டுப் பெட்டியைச் சீராக வைத்துக்கொள்ளும் முறை

[காட்சி: மூடிய மரப்பெட்டி. மூடி திறக்கிறது. ஈரப்பதமானியில் 64.]

மூடியைத் திறக்கிறீர்கள். ஈரப்பதமானி 64 காட்டுகிறது. நேற்று 69 இருந்தது. கை உடனே தண்ணீர் பாட்டிலுக்குப் போகிறது. பெட்டிக்குள் ஈரம் தருவதற்காக வைத்திருக்கும் ஃபோமில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி மூடுகிறீர்கள். மறுநாள் பார்த்தால் 76. பயந்துபோய் மூடியை அரைமணி நேரம் திறந்து வைக்கிறீர்கள். அடுத்த நாள் 61.

வீட்டில் ஹியூமிடார், அதாவது சுருட்டின் ஈரம் காக்கும் பெட்டி, வைத்திருக்கும் பலர் வாரக்கணக்கில் இப்படித்தான் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை நிறுத்த, பெட்டிக்குள் ஈரம் உண்மையில் எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். புகையிலை உடம்புக்குக் கேடு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. இந்த வீடியோ, ஏற்கெனவே சுருட்டு வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, அதைப் பாதுகாப்பது பற்றி மட்டும்.

சரி, ஈரப்பதமானி 70 சதவீதம் என்று காட்டினால் அதற்கு என்ன பொருள்? ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியை வைத்துக்கொள்ள முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதுதான். 21 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 70 சதவீதம் ஏறத்தாழ 13 கிராம். ஆனால் 50 சுருட்டு கொள்ளும் மேசைப் பெட்டியின் உள்ளளவு 6 லிட்டர் அளவில்தான் இருக்கும். அந்தக் காற்று முழுவதிலும் உள்ள நீர் 0.08 கிராம். இரண்டு சொட்டுகூடத் தேறாது.

[காட்சி: ஒரு பக்கம் இரண்டு சொட்டு நீர். மறுபக்கம் முக்கால் பங்கு நிரம்பிய 100 மில்லி குவளை.]

இப்போது சுருட்டுகளைப் பாருங்கள். ஒன்று 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் 50 சுருட்டு 600 கிராம். நல்ல பதத்தில் இருக்கும் சுருட்டின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தண்ணீர். ஆக, 75 கிராம். காற்றில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. மரத்துக்குள் இருப்பது தனிக் கணக்கு.

காற்றில் உள்ள ஈரம் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை. இலையில் உள்ளதுதான் இருப்பு. மூடியைத் திறந்தால் சில்லறை போய்விடும், ஈரப்பதமானியும் சட்டென்று இறங்கும். மூடியபின் இலையும் மரமும் துளியளவு விட்டுக்கொடுத்து அதை ஈடுகட்டிவிடும். மேல் இலை சில மணி நேரத்தில் மாறும். உள்ளே இறுகச் சுருட்டிய இலைக்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதனால் ஒரு நாள் ஏற்ற இறக்கத்துக்காகப் பெட்டியில் கை வைக்கவே வேண்டாம். ஒரு வாரம் முழுக்க எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எந்த அளவு நல்லது? 21 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்பது பழைய கணக்கு. 65-க்கும் 70-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் சுருட்டு நன்றாக இருக்கும். கியூபச் சுருட்டுகளை 62 முதல் 65 வரை வைத்துக்கொள்வோர் நிறையப் பேர். என்னைக் கேட்டால், 68-இல் அசையாமல் நிற்கும் பெட்டி, 70-ஐத் தொடுவதற்காக மேலும் கீழும் ஆடும் பெட்டியைவிட எவ்வளவோ மேல்.

ஈரம் குறைந்தால் மேல் இலை வெடிக்கும், சுருட்டு வேகமாகவும் சூடாகவும் எரியும், மணம் தரும் எண்ணெய்கள் மெல்ல ஆவியாகிப் போகும். கூடினால் உள் இலை உப்பிப் புகை இழுபடாது, அடிக்கடி அணையும், ஒரு பக்கமாக எரியும்.

[காட்சி: ஜிப் பை, பாட்டில் மூடி, சமையல் உப்பு.]

முதல் வேலை, உங்கள் ஈரப்பதமானி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது. பெட்டியோடு இலவசமாக வரும் முள் வைத்த கருவிகள் பல, வாங்கிய அன்றே 5, 10 புள்ளி தள்ளிக் காட்டக்கூடியவை. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு நன்றாக நனைய வேண்டும், ஆனால் முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 71 காட்டினால் அது 4 குறைவாகச் சொல்கிறது. இனி எப்போது பார்த்தாலும் 4 கூட்டிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது.

ஏன் 75? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ஈரக் கட்டுப்பாட்டின் மிக நல்ல வழி இதற்குள்தான் இருக்கிறது. கரையாத உப்பும் உப்புநீரும் சேர்ந்து இருக்கும்வரை அந்த நீரின் செறிவு மாறாது. காற்று வறண்டால் நீர் ஆவியாகும், கொஞ்சம் உப்பு படிகமாகி ஒதுங்கும், செறிவு அதேதான். காற்றில் ஈரம் கூடினால் உப்புநீர் அதை உறிஞ்சும், இன்னும் கொஞ்சம் உப்பு கரையும், செறிவு மறுபடியும் அதேதான். செறிவு மாறாததால் மேலே உள்ள காற்றின் ஈரப்பதமும் மாறாது. 20 முதல் 30 டிகிரி வரை இந்த 75 பெரிதாக நகராது. வேறு வேறு உப்புகளுக்கு வேறு வேறு எண்.

கடைகளில் 62, 65, 69, 72 என்று எண் அச்சிட்டு விற்கும் ஈரப்பதப் பைகளின் உள்ளே நடப்பதும் இதுதான். நீராவி மட்டும் போய்வரக்கூடிய உறைக்குள் செறிந்த உப்புக் கரைசல். குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுக்கும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று என்ற கணக்கில் போட்டுவிட்டு மூடிவிடலாம். தொட்டால் பை கட்டியாகிவிட்டது என்றால் நீர் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். மரப்பெட்டிக்கு 69 அல்லது 72, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்கு 65. மரம் எப்போதும் கொஞ்சம் ஈரத்தைக் கசிய விடும் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

ஃபோமில் வெறும் தண்ணீர் ஊற்றினால் அதற்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தொடக்கத்தில் பார்த்த 76 அப்படி வந்ததுதான். காய்ச்சி வடித்த நீரும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் சரிபாதி கலந்து ஊற்றினால் 70-ஐ ஒட்டி அடங்கும். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது, அதனால் அடுத்தடுத்த முறை காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்: அதிலுள்ள தாதுக்கள் ஃபோமின் துளைகளை அடைத்துவிடும். சிலிக்கா மணிகள் இருவழியிலும் வேலை செய்யும், ஆனால் மொத்தமாக நனைத்துவிட்டால் பயனில்லை. எப்போதும் ஒரு பகுதி உலர்ந்தே இருக்க வேண்டும்.

[காட்சி: பெட்டியின் உட்பக்கம், செந்நிற மரம்.]

அடுத்து, பெட்டி. உள்ளே இழைத்திருக்கும் ஸ்பானிஷ் சீடார் உண்மையில் சீடார் வகையே இல்லை. செட்ரெலா ஒடோராட்டா என்ற அந்த மரம் நம் வேப்ப மரத்தின் குடும்பம். புதுப் பெட்டியின் மரம் வறண்டிருக்கும். அதில் நேராகச் சுருட்டை வைத்தால் சுருட்டின் ஈரத்தை மரம் குடித்துவிடும். அதனால் முதலில் மரத்தைப் பதப்படுத்த வேண்டும். ஈரத்துணியால் உட்புறத்தைத் துடைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை: மேற்பரப்பு மட்டும் திடீரென்று உப்பி மரம் வளைந்தால் மூடி சரியாக உட்காராது, அதன்பிறகு எந்தப் பையும் அந்தப் பெட்டியைக் காப்பாற்றாது. காய்ச்சி வடித்த நீர் ஒரு சின்னக் கிண்ணத்தில், அல்லது இதற்கென்றே விற்கும் 84 சதவீதப் பை. உள்ளே வைத்து மூடி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். ஆசையாக வாங்கிய பெட்டியை இரண்டு வாரம் காலியாக வைத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அவசரப்பட்டால் அடுத்த இரண்டு மாதம் அதே எண்ணோடு போராட வேண்டும்.

மூடி இறுக்கமா என்று பார்க்க, இருட்டறையில் எரியும் டார்ச்சை உள்ளே வைத்து மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் ஈரமும் கசியும். பெட்டியை நெருக்கி நிரப்பாதீர்கள். முக்கால் பங்கு போதும். ஈரப்பதமானியைப் பைக்குப் பக்கத்தில் ஒட்டாமல் சுருட்டுகளின் மட்டத்தில் தள்ளி வையுங்கள்.

அறையே எப்போதும் 80 சதவீத ஈரத்தில் இருந்தால்? அப்போது மரப்பெட்டி வெளியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், பையும் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி அங்கே அருமையாக வேலை செய்யும். பார்க்க அழகில்லை, ஆனால் சுருட்டுக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி வெப்பம். காலிப் பெட்டியில் 21 டிகிரியில் 70 சதவீதம் இருக்கும் காற்றை 27 டிகிரிக்குச் சூடாக்கினால், நீர் அதே அளவு, ஆனால் எண் 50-க்கு இறங்கும். சுருட்டு நிறைந்த பெட்டியில் அப்படி நடக்காது, இலை நீரை விட்டு எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். பிரச்சினை ஒரு பக்கம் மட்டும் சூடானாலோ குளிர்ந்தாலோதான். வெயில் படும் ஜன்னலோரம், ஏசி காற்று நேராக வீசும் சுவர், ஃபிரிட்ஜின் மேற்புறம் எல்லாம் வேண்டாம். ஈரம் சூடான பக்கத்தை விட்டுக் குளிர்ந்த பக்கம் நகர்ந்து, அங்கே பூஞ்சை பிடிக்கும். இலைமேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு போல எது படர்ந்தாலும் அதைப் பூஞ்சை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் சுருட்டை உடனே பிரித்துவிடுங்கள். வெட்டப்பட்ட முனையில் படர்ந்திருந்தால் உள்ளேயும் போயிருக்கும். தூக்கிப் போடுவதுதான் சரி.

வெப்பம் கூடினால் வரும் இன்னொரு ஆபத்து புகையிலை வண்டு, லாசியோடெர்மா செரிகார்னே. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பழுப்பு வண்டு. முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கலாம். 24 டிகிரியைத் தாண்டிப் பெட்டி நாள்கணக்கில் இருந்தால் அது பொரிந்து வளரும் வாய்ப்பு கூடும். குண்டூசி குத்தியது போல ஒரு துளை தெரிந்தால்கூட மொத்தப் பெட்டியையும் சந்தேகியுங்கள். இரண்டு ஜிப் பைகளில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃபிரீசரில் மூன்று நாளாவது வைத்து, அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜில், கடைசியாக அறை வெப்பத்தில். அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது; திறந்தால் குளிர்ந்த இலைமேல் நீர் படியும்.

[காட்சி: சிறு டிஜிட்டல் தராசில் ஒரு சுருட்டு.]

காய்ந்துபோன சுருட்டை மீட்கலாமா? ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம். போன எண்ணெய் வராது. அதை நேராக 72-இல் போட்டால் மேல் பகுதி உப்பி மேல் இலை கிழியும். காற்றுப் புகாத டப்பாவில் 62 பையோடு தொடங்குங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால், ஒரு சுருட்டை அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஈரப்பதமானி காற்றைத்தான் அளக்கிறது. இலைக்குள் எவ்வளவு ஏறியது என்பதைத் தராசு காட்டும். எடை இரண்டு வாரம் தொடர்ந்து மாறாமல் நின்றால் 65 பைக்கு மாற்றுங்கள், அங்கும் நின்றதும் 69. மூன்றாவது முறையும் எடை நிலைத்த பிறகே அவற்றை மற்றச் சுருட்டுகளோடு பெட்டியில் சேர்க்க வேண்டும்.