தடையைத் தாண்டிய பிசின்: காடு ஒரு நாட்டுக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது?

[திரையில்: குளிர்பானப் புட்டி ஒன்று மெல்லச் சுழல்கிறது.]

வணக்கம். 1997-ஆம் ஆண்டு அமெரிக்கா சூடான் நாட்டின் மீது கடுமையான வணிகத் தடையை விதித்தது. அந்தத் தடைக்குப் பிறகும், வேல இனத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்தில் வடியும், ‘கம் அராபிக்’ எனப்படும் பிசின் விலக்குப் பெற்று அமெரிக்காவுக்குள் வந்துகொண்டே இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2007-இல், வாஷிங்டனில் இருந்த சூடான் தூதர் செய்தியாளர்களைக் கூட்டினார். கோகோ கோலா புட்டியை அவர்கள் முன் தூக்கிக் காட்டி, தடைகள் மேலும் இறுகினால் இந்தப் பிசின் ஏற்றுமதியை நிறுத்த வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். எண்ணெய்க் கிணற்றைக் காட்டி மிரட்டிய நாடுகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். மரப்பிசினைக் காட்டி மிரட்டிய தூதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

[திரையில்: உலக வனப் பரப்பு வரைபடம்.]

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி உலகில் 406 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது; இது மொத்த நிலப்பரப்பில் 31 விழுக்காடு. வளரும் நாடுகளுக்கு அதிலிருந்து தடிமரம், ஒட்டுப்பலகை, காகிதக்கூழ், உரிமத் தொகை, அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு ஆகியவை கிடைக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குறித்துக்கொண்டு வீடியோவை மூடிவிடலாம். மற்றவர்கள் என்னுடன் சூடானின் கார்டோஃபான் பகுதிக்கு வாருங்கள்.

[திரையில்: வறண்ட மணல்வெளி, இலையுதிர்ந்த முள்மரங்கள்.]

அங்கே இந்த மரத்தை ஹஷாப் என்று அழைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து இலைகள் உதிரத் தொடங்கியதும், நீண்ட கழியின் முனையில் இரும்பு அலகு பொருத்திய கருவியோடு உழவர்கள் தோப்புக்குள் நுழைந்து, கிளைகளின் பட்டையில் மெல்லிய நீள்கீற்றுகளை உரித்துவிடுகிறார்கள். அந்தக் காயத்தை மூடுவதற்காக மரம் பிசினைச் சுரக்கிறது. சில வாரங்களில் அது காற்றில் உலர்ந்து, அம்பர் நிறத்தில் நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு நிற்கிறது. கையால் பறித்துக் கூடையில் சேர்க்க வேண்டியதுதான். அதே கீற்றில் மீண்டும் மீண்டும் பிசின் திரள்வதால், ஒரு பருவத்தில் ஒரே மரத்துக்குப் பல முறை திரும்பி வருவார்கள். கூடைகள் மூட்டைகளாகி எல் ஒபேய்த் நகரத்துச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கடல் கடக்கின்றன.

குளிர்பானத்தில் இதற்கு என்ன வேலை? நறுமண எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது தெரிந்ததே. இந்தப் பிசின் எண்ணெய்த் துளிகளைத் தனித்தனியே சுற்றிப் பிடித்து நீரில் மிதக்க வைப்பதால், புட்டியின் கழுத்தில் எண்ணெய் வளையம் படிவதில்லை. நீர்வண்ணம், அச்சு மை, தபால்தலையின் பின்புறப் பசை, மாத்திரையின் மேற்பூச்சு என இதன் பட்டியல் நீளும். இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மிட்டாய் உறையையோ புட்டியையோ எடுத்து, பொருள்பட்டியலில் 414 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது இந்தப் பிசின்தான்.

பொருளியல் நோக்கில் எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது, பணம் வரும் காலம். வயலில் விளைச்சல் எதுவும் இல்லாத வறண்ட மாதங்களில் பிசின் வருமானம் வருகிறது. மழை பொய்த்துக் கம்பும் எள்ளும் கருகிய ஆண்டிலும் மரம் ஓரளவு கைகொடுக்கிறது. வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் இனம் என்பதால், மரம் மூப்படைந்த பிறகு அதை அகற்றிவிட்டு அந்த நிலத்தில் பயிரிடுவதும், நிலம் சலித்ததும் மீண்டும் மரத்துக்கே விட்டுவிடுவதும் அங்கே பழைய வழக்கம். ஆக ஒரே மரம் ஏற்றுமதிச் சரக்காகவும், உரமாகவும், மணலைத் தடுக்கும் அரணாகவும், பஞ்ச காலத்துச் சேமிப்பாகவும் இருக்கிறது. ஆனால் நாட்டின் கணக்கேட்டில் ஏற்றுமதிக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பிசின் விலை சரியும் ஆண்டில் உழவர் மரத்தை வெட்டிக் கரியாக்கி விற்றால், அந்தக் கரிக்கும் வருமான வரிசையில் இடம் உண்டு. இழந்த மரத்துக்கு எந்தப் பக்கத்திலும் இடம் இல்லை.

[திரையில்: கணக்குப் புத்தகம் திறக்கிறது.]

இந்த ஓட்டையை எண்ணால் காட்டியவர் உலக வளங்கள் நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்த பொருளியலாளர் ராபர்ட் ரெபெட்டோ. 1971 முதல் 1984 வரை இந்தோனேசியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 7.1 விழுக்காடு வளர்ந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. காட்டு மரம், எண்ணெய், மண்வளம் ஆகிய மூன்றின் தேய்மானத்தை அவரும் அவருடைய குழுவினரும் கழித்துப் பார்த்து 1989-இல் வெளியிட்டபோது, வளர்ச்சி 4 விழுக்காடாக இறங்கியது. தொழிற்சாலை எந்திரத்துக்குத் தேய்மானம் கழிக்கும் கணக்காளர்கள் காட்டுக்குக் கழிப்பதில்லை. வீட்டு நகையை விற்று வந்த பணத்தைச் சம்பள உயர்வு என்று எழுதி வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் கருத்து. இயற்கை வளங்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2012-இல் உலகத் தரமாக ஏற்றது. ஆயினும் தலைப்புச் செய்தியில் இன்றும் வருவது பழைய எண்தான்.

சந்தைக்கு வராத பகுதி இன்னும் பெரியது. உலகில் வெட்டப்படும் மரத்தில் ஏறத்தாழப் பாதி அடுப்புக்குத்தான் போகிறது. பன்னாட்டு வனவியல் ஆய்வு மையம் 24 வளரும் நாடுகளில் ஏறக்குறைய 8,000 குடும்பங்களிடம் திரட்டிய தரவுகளின்படி, காட்டையொட்டி வாழும் குடும்பங்களின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் காட்டிலிருந்தே வருகிறது. விறகு பொறுக்குவதும் காய்கனி சேகரிப்பதும் உற்பத்திதான் என்று தேசியக் கணக்கு விதிகளே ஒப்புக்கொள்கின்றன. ஆனால் தலையில் சுமந்து வரும் விறகுக் கட்டுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

[திரையில்: காப்பிப் பூக்கள் மீது தேனீ.]

கடைசியாக ஒரு தேனீக் கதை. கோஸ்டாரிகாவில் ஒரு காப்பித் தோட்டத்தை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டவர்கள், காட்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் விளைச்சல் 20 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும், இரண்டு விதைகளுக்குப் பதிலாக ஒற்றை விதையோடு சிறுத்துப்போகும் காய்கள் 27 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு காட்டுத் துண்டுகளின் தேனீக்கள் அந்த ஒரு தோட்டத்துக்குச் செய்த சேவையின் மதிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டாலர். காட்டை வைத்திருப்பவருக்கு அரசே பணம் தரும் திட்டத்தை 1996-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் வழியே கொண்டுவந்து, எரிபொருள் வரியிலிருந்து அதற்கு நிதி ஒதுக்கிய நாடு அது. அங்கேயும் தேனீக்களின் 60,000 டாலர் காப்பித் தொழிலின் வருமானமாகவே கணக்கில் ஏறியது.

414 கண்ணில் பட்டவர்கள், எந்தப் பொருளில் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தபால்தலையை நக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.