வெளிறியதா, செத்ததா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்துக்கு வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, மகர ரேகையை ஒட்டிக் கிடக்கிறது ஹெரான் தீவு. நீளவாக்கில் நடந்தால் 800 மீட்டர்தான். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. அதுபோன்ற இடத்துக்குப் பவளப்பாறைக் கள உதவியாளராகப் போகிறவர் கையில் என்ன வேலை வந்து விழும் என்று பார்ப்போம்.

அன்றைய வேலையைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல, கடல் ஏற்றமும் வற்றமும். வற்றத்தில் பாறைத்தளத்தில் நடந்து பார்க்கலாம், ஏற்றத்தில் நீந்தி அளக்கலாம். நடக்கும்போது கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். மணல் திட்டிலேயே கால் வையுங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகர்த்துங்கள். அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கு எதையும் கையில் எடுக்காதீர்கள். அதன் கொட்டு ஆளைக் கொல்லும்.

இனி அளவை, அதாவது பாறைத்தளத்தில் பவளம் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கணக்கெடுப்பது. 50 மீட்டர் டேப்பை ஒரே ஆழத்தில் பாறையோடு விரிக்கவேண்டும். நீரோட்டத்தில் டேப் வில்லாக வளைந்தால் அளக்கும் புள்ளிகள் இடம் மாறிவிடும். அதனால் ஐந்தாறு மீட்டருக்கு ஒருமுறை, உயிரில்லாத கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவது வழக்கம். பிறகு 50 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, மொத்தம் 100. ஒரு புள்ளி ஒரு சதவீதம், கணக்கு லேசு. டேப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில் கண் ஏமாற்றும். சாய்வாகப் பார்த்தால் மணல் பவளமாகிவிடும். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரி, நைலான் கயிற்றில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிப் புள்ளியில் தொங்கவிடுங்கள். நட்டு எதைத் தொடுகிறதோ அதை எழுதுங்கள். பக்கத்தில் எவ்வளவு அழகான பவளம் இருந்தாலும் அது கணக்கில் வராது.

நிறம் பார்ப்பதற்குக் கோரல்வாட்ச் அட்டை. அதே பல்கலைக்கழகத்தார் 2002இல் உருவாக்கியது. நான்கு பக்கத்தில் நான்கு நிறம். ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை கட்டங்கள், 1 மிக வெளிறியது. பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கு ஒரு எண், மிக அடர்ந்த இடத்துக்கு ஒரு எண். குறைந்தது 20 பவளங்கள் வேண்டும். கிளைப்பவளத்தின் நுனி வளரும் பகுதி, இயல்பாகவே வெள்ளை. அதை அளந்தால் நல்ல பவளத்தை நோயாளியாக்குவீர்கள். இன்னொரு தொல்லை, கண் தானாக வெள்ளைப் பவளத்தையே தேடும். இத்தனை மீட்டருக்கு ஒன்று என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு, அந்த இடத்தில் இருப்பதை எடுங்கள். நிறக் கண்ணாடி போட்ட முகமூடி வேண்டாம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கடல் சூடேறி வெளிறிய பவளத்தில் நிறம் தந்த நுண்பாசி போய்விட்டது, ஆனால் சதை இருக்கிறது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் கண்ணாடி போன்ற மெல்லிய தோலும் குட்டிக் குட்டி உணர்கொம்புகளும் தெரியும். செத்துப்போனதில் வெறும் சுண்ணாம்புக்கூடு, சில நாளிலேயே அதன்மேல் பாசி படரத் தொடங்கும். வெள்ளைக்கும் சதைக்கும் நடுவே எல்லை துண்டாகத் தெரிந்தால், பக்கத்துப் பொந்தில் முள்முடி நட்சத்திர மீனோ, கிளை இடுக்கில் பவளம் தின்னும் சின்ன நத்தையோ இருக்கிறதா என்று தேடுங்கள். தின்ற வடுவை வெளிறல் என்று எழுதினால் கடல் சூட்டின்மேல் வீண்பழி.

நீருக்கடியில் பலகையில் எழுதுவதற்கு மரப் பென்சிலே போதும். பொத்தானை அழுத்தும் பென்சிலின் ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்துவிடும். விட்டால் மிதந்து போகும், பலகையோடு கட்டிவையுங்கள். கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் இறங்கிவிடும். மூடுமுன் நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள்.

கரைக்கு வந்ததும் குளிக்க ஓடாதீர்கள். எழுதிய பலகையை முதலில் படம் எடுங்கள். அன்றிரவே ஒருவர் வாசிக்க மற்றவர் கணினியில் ஏற்றவேண்டும். 3ஆ 8ஆ என்று சந்தேகம் வந்தால், எழுதியவருக்கு அன்றைக்குத்தான் நினைவிருக்கும். ஏற்றி முடித்து, சரிபார்த்த பிறகுதான் பலகையை அழிக்கலாம்.

நன்றி, வணக்கம்.