முத்திரை குத்திய பொய்

நேயர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடையில் "எங்கள் வீட்டில் ஏழு பேர்" என்று ஒருவர் சொன்னால் கார்டை வாங்கிப் பார்த்துவிடலாம். இணையத்திலும் ஒரு பங்கீடு நடக்கிறது. ஆனால் அங்கே கார்டு கிடையாது. கேட்பவர் வாயால் சொல்வதுதான் கணக்கு.

பங்கிடப்படுவது ஐபி முகவரி. இணையத்தில் ஒரு கருவியை இன்னொன்று கண்டுபிடிக்க உதவும் எண் அது. பழைய முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரி 3 அன்று கடைசி ஐந்து பெரிய தொகுதிகளை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு (தத்தம் பகுதியில் முகவரிகளைப் பங்கிடும் அமைப்புகள் இவை) ஆளுக்கொன்றாகக் கொடுத்ததோடு பொதுக் கையிருப்பு தீர்ந்தது. புதிய முறையான ஐபிவி6-இல் பஞ்சமே இல்லை. ஆனாலும் பழைய வீட்டை யாரும் முழுசாகக் காலி செய்தபாடில்லை.

அமெரிக்கா, கனடா பக்கத்துப் பதிவகத்தின் பெயர் ஆரின். தேவை இருப்பவருக்கே முகவரி என்பது அதன் விதி. முன்பு வாங்கியதில் 80 சதவீதம் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். எப்படிக் காட்டுவது? வாடிக்கையாளர் கணக்கு, கருவி வாங்கிய பில், வலையமைப்பின் வரைபடம். எல்லாமே கேட்பவர் கொண்டுவரும் காகிதம். வெளியிலிருந்து ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் நேர்மையான கணினி பதிலே சொல்லாது. ஒரே கணினியை வைத்து நூறு முகவரிக்குப் பதில் சொல்ல வைப்பதோ எங்கள் வலையமைப்புத் தொழிலில் பாலபாடம்.

2009 மே 18 முதல் ஆரின் ஒரு நிபந்தனை போட்டது. விண்ணப்பத்தில் உள்ளது உண்மை என்று நிறுவனத்தின் பொறுப்பதிகாரி உறுதிமொழி தர வேண்டும். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. முகவரி கேட்டு எழுதுவது எங்கோ மூலையில் இருக்கும் எஞ்சினியர். அவர் என்ன எழுதினார் என்று முதலாளிக்கே தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பார் இல்லையா?

ஆனால் கையெழுத்து போடுகிற ஆளே இல்லாத ஆளாக இருந்தால்?

2011-இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒன்று பதினொன்றே கால் டாலர். பதிவகத்தில் கட்டணம் மட்டும் கட்டி வாங்கியதைச் சந்தையில் விற்கலாம் என்றானபின் ஆசை சும்மா இருக்குமா?

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் மிக்ஃபோ என்றொரு நிறுவனம். அதன் தலைமை நிர்வாகி, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், லெட்டர்பேடு கம்பெனிகளை உருவாக்கினார். அவற்றுக்கு இல்லாத மனிதர்களை அதிகாரிகளாக்கினார். அந்தப் பெயர்களில் நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரங்கள் ஆரினுக்குப் போயின. இப்படிக் கைக்கு வந்தவை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். ஆரின் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டபோது, 2018 இறுதியில், நீதிமன்றத்துக்கு முதலில் ஓடியதே மிக்ஃபோதான்! 2019-இல் நடுவர் தீர்ப்பு அதற்கு எதிராக வந்தது. ஆரினுக்கு 3,50,000 டாலர் தரச் சொன்னார்கள். நிர்வாகி 2021 நவம்பரில், விசாரணை தொடங்கியபின், குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023-இல் ஐந்தாண்டு சிறை.

உறுதிமொழியும் முத்திரையும் பொய்யைத் தடுக்கவில்லை. பொய் சொன்னவரைப் பின்னால் பிடித்துக் கட்ட மட்டும் உதவின. அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்து ஆரின் செய்ததுதான் எனக்குச் சுவாரசியம். கையிருப்பு இல்லாததால் கேட்பவர்களை வரிசையில் நிறுத்தும் காத்திருப்போர் பட்டியல் ஒன்று ஆரினிடம் உண்டு. 2019-இல் அந்தப் பட்டியலில் முகவரி தருவதையே நிறுத்தி வைத்து விதியை மாற்றினார்கள். பட்டியல் வழியாக அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வைத்தார்கள். கிடைத்ததை 60 மாதத்துக்கு வேறொருவருக்கு மாற்ற முடியாது என்றார்கள். விண்ணப்பித்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டுவதைவிட, வாங்கிய கையோடு விற்கும் லாபத்தை எடுத்துவிடுவது சுலபம் இல்லையா?

இதிலும் ஓட்டை உண்டு. விற்கத்தானே தடை, வாடகைக்கு விடலாமே என்பார்கள். வாடகைக்கு விடுவதற்காகக் கேட்டால் அதைத் தேவை என்று ஆரின் ஏற்பதில்லை. ஆனால் வாங்கியபின் ஓசைப்படாமல் விட்டால், ஆரின் ஏட்டில் பெயர் மாறுவதில்லை; வெளியே தெரிவதும் இல்லை.