கிட்டார் எப்ப வரும்?

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் இதே மேடையில் பேசிய நண்பர், தனக்குப் பிடித்த இசைத்தட்டை முதன்முதலில் கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் இதுவரை அதிகம் கேட்ட ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு வந்தது எரிச்சல். பக்கத்தில் இருந்தவனுக்குத் தூக்கம் வந்தது. அந்த ராத்திரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ரேடியோஹெட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். ஆறு, ஏழு... சரி, பரவாயில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்று ஓர் ஊர். அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து பையன்கள் 1985ல் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒத்திகை வெள்ளிக்கிழமைகளில் என்பதால் குழுவுக்கு முதலில் வைத்த பெயரே 'ஆன் எ ஃப்ரைடே'. ரேடியோஹெட் பிறகு வந்த பெயர். பாடுகிறவர் தாம் யார்க். ஜானி கிரீன்வுட், எட் ஓப்ரையன் இருவரும் கிட்டார். ஜானியின் அண்ணன் காலின், பேஸ் கிட்டார். டிரம்ஸ் ஃபில் செல்வே. பாடுகிறவரும் பாதி நேரம் கிட்டாரோடுதான் நிற்பார். ஆக, பேஸை விட்டுவிட்டாலும் மூன்று கிட்டார். இந்த மூன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1997ல் இவர்கள் 'ஓகே கம்ப்யூட்டர்' என்ற ஆல்பத்தைப் போட்டார்கள். எங்கள் ஹாஸ்டலில் அதற்கு ஒரே ஒரு கேசட். அதிலிருந்து பதிந்த கேசட், அந்தக் கேசட்டிலிருந்து பதிந்த கேசட் என்று பரவி, என் கைக்கு வந்தபோது பாட்டு பாதி, இரைச்சல் பாதி. அதைக் கேட்டுக் கேட்டே மூன்று வருஷம் ஓட்டினோம். எந்த இடத்தில் கிட்டார் சீறும், எந்த இடத்தில் குரல் உச்சிக்குப் போய் உடையும் என்பதெல்லாம் மனப்பாடம். தேர்வுக்குப் படித்ததைவிட இதைத்தான் ஒழுங்காகப் படித்தோம்.

2000 அக்டோபர் 2ஆம் தேதி அடுத்த ஆல்பம் வந்தது. பெயர் 'கிட் ஏ'. சிங்கிள் என்று தனிப்பாட்டு எதையும் முன்னால் விடவில்லை. டிவியில் போடுகிற மாதிரி வீடியோவும் எடுக்கவில்லை. சில நொடிகள் ஓடும் குட்டிக் குட்டி விளம்பரப் படங்கள் மட்டும். இன்டர்நெட்டில் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டரில் திருட்டுத்தனமாகப் பாட்டுகள் கசிந்தது உண்மைதான். ஆனால் எங்கள் ஹாஸ்டலுக்கு இன்டர்நெட்டே கசியவில்லை. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 26. லண்டனில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தார். பெட்டியைத் திறந்து சித்திக்குப் புடவை, எனக்கு ஒரு சிடி. அட்டையில் பனிமலைகள். குழுவில் ஒருத்தர் முகம்கூட இல்லை. பாட்டு வரிகளும் அச்சிடவில்லை. அண்ணனிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நீயே கேளு" என்றார். அந்தக் குரலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போன அன்று ராத்திரி, சிடி பிளேயர் வைத்திருந்த ஒரே சீனியரின் அறையில் ஏழு பேர் கூடினோம். மற்றவர்களும் கேட்டுவிடுவார்களோ என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டோம். விளக்கை அணைத்தோம். சாமி பார்க்கப் போகிற மாதிரி ஓர் அமைதி.

முதல் பாட்டு. எலக்ட்ரிக் பியானோ மாதிரி ஒரு கீபோர்டு, நாலைந்து சுரம், திரும்பத் திரும்ப. யாரோ தாம் யார்க்கின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி அந்தரத்தில் தூவிவிட்ட மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே எழுந்தேன் என்று ஒரு வரி. நாலு நிமிஷம் போயிற்று. கிட்டார் இல்லை. திருநெல்வேலிக்காரன் ஒருவன் இருட்டில் மெதுவாகக் கேட்டான்: "ஏல, கிட்டார் எப்ப வரும்?"

இரண்டாவது பாட்டில் வரும் என்றோம். அதில் குழந்தைகள் சாவி கொடுத்து விளையாடும் பொம்மைப் பெட்டிச் சத்தமும், மனுஷக் குரல்தானா என்று சந்தேகப்படுகிற ஒரு குரலும் வந்தன. மூன்றாவதில் பேஸ் கிட்டார், ஒரே வரியை விடாமல் அரைத்தது. யார்க் பதினாறு வயதில் போட்டு வைத்திருந்த வரி அது, ஆல்பத்தில் வாசித்ததும் அவரேதான். எங்களுக்கு அது தெரியாது. தலை ஆட ஆரம்பித்தது, அப்பாடா என்றிருந்தது. பாதியில் ட்ரம்பெட், சாக்ஸபோன் என்று எட்டுப் பேர் உள்ளே நுழைந்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். இரண்டு கல்யாண பேண்டு செட்டுகள் ஒரே சந்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

நாலாவது பாட்டில் கிட்டார் வந்தது. நிஜக் கிட்டார், மரக் கிட்டார். "இந்தா வந்துட்டு!" என்று இருட்டில் ஒரு கூச்சல். அந்தப் பாட்டை முதல் தடவையிலேயே எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. ஓயாத சுற்றுப்பயணத்தில் நொந்து போயிருந்த யார்க்குக்கு ஆர்.இ.எம். குழுவின் பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஒரு யோசனை சொன்னார். நான் இங்கே இல்லை, இது நடக்கவே இல்லை என்று உனக்கு நீயே சொல்லிக்கொள் என்பதுதான் அந்த யோசனை. அதுவே பாட்டின் பல்லவியாகிவிட்டது. வயலின் கூட்டத்தை டார்செஸ்டர் என்ற ஊரில் இருக்கும் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில் வைத்துப் பதிந்தார்கள். அதற்கு மேலே அழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே ஒரு சத்தம், அது 1928ல் மார்த்தெனோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வாத்தியம். விரலில் ஒரு மோதிரம் மாட்டி, அதோடு கட்டிய கம்பியை இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டும். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்தி ஜாரு கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த வழுக்கல் உடனே புரிந்துவிடும். ஜானி கிரீன்வுடுக்கு அந்த வாத்தியத்தின் மேல் பைத்தியம்.

சரி, ஐந்தாவது பாட்டுக்கு வருகிறேன். பாட்டு என்று சொல்வதே தப்பு. 'ட்ரீஃபிங்கர்ஸ்'. கிட்டத்தட்ட நாலு நிமிஷம். குரல் இல்லை, டிரம்ஸ் இல்லை, தாளமே இல்லை. பனி மூட்டம் மாதிரி ஒரு சத்தம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த நாலு நிமிஷத்தில் எங்களில் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். தாழ்ப்பாள் போட்ட அறையிலிருந்து, அதுவும் இருட்டில், நாசூக்காக எழுந்து போக முடியாது. ஒருவன் வாளியில் இடித்துக்கொண்டான். திருநெல்வேலிக்காரன் போகும்போது, "கிட்டாரே இல்லாம மூணு கிட்டார்க்காரன் என்னத்துக்குல?" என்று சொல்லிவிட்டுப் போனான். நியாயமான கேள்வி. குழுவுக்குள்ளேயே அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. யார்க் கிட்டாரைத் தொட மனசில்லாமல், வார்ப் என்ற கம்பெனி போட்ட எலக்ட்ரானிக் இசைத்தட்டுகளாக வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாரிஸ், கோபன்ஹேகன் என்று ஸ்டூடியோ மாற்றினார்கள். சில பாட்டுகளில் குழுவில் சிலருக்கு வேலையே இல்லை.

பல வருஷம் கழித்து எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. 'ட்ரீஃபிங்கர்ஸ்' எட் ஓப்ரையன் வாசித்த கிட்டார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டி, இழுத்து, குழைத்து அந்தப் பனி மூட்டத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். கிட்டார் இல்லையே என்று மூன்று பேர் எழுந்து போனார்களே, அந்த நாலு நிமிஷமும் கிட்டார்தான் ஐயா!

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அன்றைக்கு நாங்கள் 'கிட் ஏ' கேட்கவில்லை. ஏழு பேரும் மனசுக்குள் 'ஓகே கம்ப்யூட்டர்' ஓட்டிக்கொண்டு, சிடியில் வருவது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரசிகன் ஆனதால் வந்த வினை அது. அந்தக் குழுவைக் கேள்விப்பட்டே இராத ஒருவன் அறையில் இருந்திருந்தால் எங்களைவிட நன்றாகக் கேட்டிருப்பான்.

கூத்து என்னவென்றால், அடுத்து வந்த ஆறாவது பாட்டில் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் பழையபடி முழங்கின. போனவர்களைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். வரவில்லை. எட்டாவதாக 'இடியோடெக்'. அதில் அடிநாதமாகச் சுற்றும் நாலு ஸ்வரக்கூட்டுகள் பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973ல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஓர் இசையிலிருந்து எடுத்தவை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். கடைசிப் பாட்டில் காலால் மிதிக்கும் ஹார்மோனியம். எங்கள் ஊர் நாடகத்தில் கேட்ட கால் ஹார்மோனியத்துக்குத் தூரத்து உறவு. அது முடிந்ததும் அமைதி. சீனியர் எழுந்து விளக்கைப் போட்டார். ஒருவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை. அப்போது திடீரென்று ஸ்பீக்கரிலிருந்து மறுபடியும் ஒரு சத்தம் எழுந்து விரிந்து அடங்கியது. தூங்கினவன் பதறி எழுந்தான். அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு நிமிஷம்கூட வராத ஓர் இசைத்துண்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நாங்கள் தீர்ப்பும் சொல்லிவிட்டோம்: இவர்கள் கதை முடிந்தது. எங்களுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை இது. பத்திரிகைகளுக்கே பிரதிகளைப் பரவலாகக் கொடுக்கவில்லை. ஓரிரு தடவை கேட்டுவிட்டு எழுத வேண்டிய நிலை. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சன இணையதளம் பத்துக்குப் பத்து போட்டது. இங்கிலாந்தில் சில விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆல்பம் நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

நான் மட்டும் சிடியைத் தூக்கிப் போடவில்லை. ரசனையால் இல்லை. அண்ணன் பவுண்டு கொடுத்து வாங்கியது, வீணாகக் கூடாது. வாக்மேனில் கேட்க 90 நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கத்தில் பதிந்துகொண்டேன். ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அடுத்த ஜன்மத்தில் பார்க்கலாம் என்று பாடி முடிக்கிற அந்தக் கடைசி வரி என் கேசட்டில் கிடையாது. ஊருக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதுதான் ஓடும். வேறு கேசட் எடுத்து வராத சோம்பல். எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியாது. ஒருநாள் விழுப்புரம் தாண்டிப் போகையில், முதல் பாட்டுக்கு என் கை தொடையில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாலு நாலாக எண்ணினால் நிற்காது, பத்தாக எண்ண வேண்டும். அதாவது இரண்டு தடவை தக தகிட. அது பிடிபட்டதும் பாட்டு தரையில் கால் ஊன்றி நின்றது. அப்புறம் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சிடி பெட்டியின் உள்தட்டு ஒருநாள் உடைந்தது. அடியில் இன்னொரு குட்டிப் புத்தகம் ஒளிந்திருந்தது. முதலில் அடித்த பிரதிகளில் அப்படி வைத்திருந்தார்களாம். நான் அதன் மேலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

2007 கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்டோபர் 1ஆம் தேதி, புது ஆல்பம் தயார், பத்து நாளில் வரும் என்று தங்கள் இணையதளத்தில் ஒரு குறிப்பு. 'இன் ரெயின்போஸ்'. விலைக் கட்டம் காலி. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் எவ்வளவு போட்டேன் என்று யாரும் கேட்க வேண்டாம். பின்னால் சிடி வந்தபோது முழு விலை கொடுத்து வாங்கிப் பாவத்தைக் கழுவிக்கொண்டேன். 10ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் இருப்பவனும் சென்னையில் இருந்த நானும் ஒரே நாளில் முதல் தடவை கேட்டோம். பெரியப்பா மகனுக்காகக் காத்திருக்கவில்லை. இந்தத் தடவை நான் பக்குவமாகிவிட்டேன் என்று நினைப்பு. முதல் பாட்டு ஐந்து எண்ணிக்கை, உடனே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டு 'நியூட்' வந்தது. அது 1998லேயே மேடையில் பாடிய பாட்டு. அந்த மேடைப் பதிவு எனக்கு அத்துப்படி. புதிதில் பேஸ் வேறு மாதிரி நடந்தது. நான் உடனே ஹெட்ஃபோனைக் கழற்றி, "கெடுத்துட்டானுங்க" என்றேன். ஏழு வருஷப் பக்குவம் எட்டு நிமிஷத்தில் போய்விட்டது. இப்போது அந்தப் பழைய பதிவைக் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

என் மகளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. முப்பது நொடி கேட்பாள், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுவாள். அவளைக் குறை சொல்ல வரவில்லை. என்னிடம் அன்றைக்குத் தள்ளிவிடும் பட்டன் இருந்திருந்தால் நானும் தள்ளியிருப்பேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைக் காட்டுகிறார். ஸ்பீக்கர் கொண்டு வந்திருக்கிறேன். சிடியும் அதே சிடிதான், பெட்டி மட்டும் புதுசு. மொத்தம் ஐம்பது நிமிஷம். டீ வந்துவிட்டதாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். கிளம்ப வேண்டியவர்கள் தாராளமாகக் கிளம்பலாம், ஆனால் ஐந்தாவது பாட்டில் மட்டும் எழுந்துவிடாதீர்கள். தம்பி, அந்த விளக்கைக் கொஞ்சம் அணைத்துவிடப்பா.