ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு வருவோரில் இளையவர்கள் பலருக்கு, அதற்கு அருகே, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், 3,420 பேர் அமரக்கூடிய தேசியக் கலையரங்கு ஒன்று இருந்தது தெரியாது.

1959இல் கிடைத்த சுயாட்சியின் நினைவாக எழுந்த அந்த அரங்கிற்குப் பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்தால் ஒரு செங்கல் என்று சொல்லி நிதி திரட்டினார்கள். மலேசியா உருவாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1963 ஆகஸ்ட் 8 அன்று, தென்கிழக்காசியக் கலைவிழாவுடன் அது திறக்கப்பட்டது.

கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் வோங், முகப்பில் எழுப்பிய ஐந்து கூர்முனைகளால் சிங்கப்பூர்க் கொடியின் ஐந்து நட்சத்திரங்களையும், முன்னாலிருந்த நீரூற்றால் அதன் பிறையையும் காட்டினார். அரங்கின் சிறப்பு அதன் கூரையில்தான் இருந்தது என்பேன். சுமார் 150 டன் எடையுள்ள அந்த எஃகுக் கூரை, இருக்கைகளுக்கு நடுவே தூண் எதுவுமின்றி, குன்றின் சரிவை நோக்கி நீண்டிருந்தது. பக்கச் சுவர்களும் பின்சுவரும் கிடையாது. நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர்கள் சரிவில் உட்கார்ந்தே நிகழ்ச்சியைப் பார்த்ததுண்டு. சாரல் உள்ளே அடித்ததும், சாலை இரைச்சல் மேடைவரை வந்ததும், குளிர்சாதன வசதி இல்லாததும் உண்மையான குறைகள்தாம். ஆயினும், மக்கள் காசில் எழுந்த அரங்கு மக்களை வெளியே நிறுத்தாமல் இருந்ததே அதன் பெருமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிரதமர் ஆண்டுதோறும் நாட்டு மக்களுக்கு உரையாற்றும் தேசிய தினப் பேரணி முதன்முதலில் 1966இல் இங்குதான் நடந்தது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்களும் பாலே நடனங்களும் அதே மேடையில்தான் நடந்தன.

தாங்குதூண் இல்லாமல் நீண்ட அந்தக் கூரை பாதுகாப்பானதன்று எனப் பொறியாளர்கள் கண்டறிந்ததால், 1984 ஜனவரியில் அரங்கு மூடப்பட்டது. அதனருகே மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப் பாதையும் அமையவிருந்தது. 1986இல் அதை இடித்துவிட்டார்கள். ஆபத்தான கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோரை உட்கார வைக்க முடியாதுதான். ஆனால் பேரணி பின்னர் இடம்பெயர்ந்த காலாங் அரங்கம் சுவர்கள் சூழ்ந்த, குளிரூட்டப்பட்ட கட்டடம். சீட்டு இல்லாதவர் எட்டிப் பார்க்க அங்கே சரிவு ஏதுமில்லை.